வரப்பில் கேழ்வரகு, வயலில் மீன்



இன்றைய பேச்சு ஒரு மலை ஊரைப் பற்றியது. அந்த ஊரின் பெயர் ஜிரோ. பெயரைக் கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். பூஜ்யத்தை ஆங்கிலத்தில் 'ஜீரோ' என்பார்கள். ஆனால் இந்த ஜிரோ வெறும் பூஜ்யம் இல்லை. அங்கே வயலில் நெல் விளைகிறது. அதே வயலில் மீன் வளர்கிறது. அதே வயலின் வரப்பில் கேழ்வரகு விளைகிறது. ஒரு துண்டு நிலம், மூன்று விளைச்சல்!

இதை யார் செய்கிறார்கள்? எப்படிச் செய்கிறார்கள்? அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள்? எந்தப் பழக்கத்தைக் காப்பாற்றினார்கள்? எதை விட்டார்கள்? இனிமேலும் அந்த வயல்கள் இருக்குமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஜிரோ எங்கே இருக்கிறது?

இந்திய வரைபடத்தை எடுத்து வையுங்கள். அதன் வடகிழக்கு மூலையில் விரலை வையுங்கள். அந்த இடம்தான் அருணாசலப் பிரதேசம். 1987-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் அது தனி மாநிலம் ஆனது. அதன் தலைநகரம் இட்டாநகர். இட்டாநகருக்குப் பக்கத்தில் நாகர்லகுன் என்ற ஊர் இருக்கிறது. அதுவரை ரயில் போகிறது. அங்கிருந்து ஜிரோவுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் தூரம். முழுவதும் மலைப்பாதை. வண்டி வளைந்து வளைந்து ஏறும்.

அருணாசலத்துக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். மற்ற மாநிலத்து இந்தியர்களும் அந்தச் சீட்டை வாங்கித்தான் போக வேண்டும். எல்லையில் காவலர்கள் அதை வாங்கிப் பார்ப்பார்கள். இந்த விதி 1873-ஆம் ஆண்டு, வெள்ளையர் ஆட்சியில் வந்தது. இன்றும் இருக்கிறது. வெளியார் வந்து மலை மக்களின் நிலத்தைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க இது ஒரு வேலி என்று அங்கே பலர் நினைக்கிறார்கள்.

ஏற்றம் முடிந்ததும் திடீரென்று சமவெளி வரும். 5,000 அடி உயரத்தில் ஒரு பெரிய தாம்பாளம் வைத்தது போல இருக்கும். தாம்பாளத்தின் விளிம்பு போலச் சுற்றிலும் மலைகள். மலைகளில் பைன் மரங்கள். நடுவில் பச்சைப் பசேல் என்று வயல்கள். வயல்களின் ஓரத்தில் மூங்கில் தோப்புகள். தோப்புகளுக்குப் பக்கத்தில் நெருக்கமாக வீடுகள். இதுதான் ஜிரோ பள்ளத்தாக்கு.

ஜிரோ, கீழ் சுபன்சிரி மாவட்டத்தின் தலைநகரம். கடைத்தெருவும் அரசு அலுவலகங்களும் இருக்கும் பகுதிக்கு ஹபோலி என்று பெயர். அதைச் சுற்றிப் பழைய கிராமங்கள் இருக்கின்றன. ஹோங், ஹரி, புல்லா, ஹிஜா, துத்தா என்று அவற்றுக்குப் பெயர்கள்.

யார் அந்த மக்கள்?

அங்கே வாழும் பழங்குடி மக்கள் அபதானிகள். அவர்களுக்குத் தனி மொழி இருக்கிறது. அந்த மொழிக்குப் பழைய எழுத்து இல்லை. இப்போது ஆங்கில எழுத்துகளால் அதை எழுதுகிறார்கள்.

எழுத்து இல்லாத காலத்தில் அவர்கள் தங்கள் கதைகளை எப்படிக் காப்பாற்றினார்கள்? நினைவில் வைத்துக் காப்பாற்றினார்கள். அவர்களுடைய பூசாரிக்கு 'நிபு' என்று பெயர். முன்னோர் எந்த வழியாக வந்தார்கள், உலகம் எப்படி உண்டானது என்பதையெல்லாம் நிபு மனப்பாடமாகச் சொல்வார். விழாக் காலத்தில் மணிக்கணக்கில் சொல்வார். பெரியவர் சொல்ல, சின்னவர் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்வார். இன்று கேட்டுக் கற்க வரும் இளைஞர்கள் குறைந்துவிட்டார்கள். அதனால் படித்தவர்கள் சிலர் அந்தக் கதைகளை எழுதி வைக்கிறார்கள். எழுத்து எதற்குப் பயன்படும் என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

சூரியனையும் சந்திரனையும் அபதானிகள் வணங்குவார்கள். கிறிஸ்துவ மதத்தைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

ஏர் இல்லை, மாடு இல்லை

மலைப் பகுதிகளில் பல இடங்களில் காட்டை வெட்டி, எரித்து, அந்தச் சாம்பலில் விதைப்பார்கள். சில ஆண்டுகள் கழித்து வேறு இடத்துக்குப் போவார்கள். அபதானிகள் அப்படிச் செய்வதில்லை. ஒரே வயலைத் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்கிறார்கள். 1944-ஆம் ஆண்டு ஹைமன்டார்ஃப் என்ற ஆராய்ச்சியாளர் அங்கே போனார். அப்போது அங்கே மோட்டார் சாலை இல்லை. ஆனால் சீரான வரப்புகளும் வாய்க்கால்களும் இருந்தன. மலைகளுக்கு நடுவில் இப்படி ஒரு விவசாயமா என்று அவர் வியந்தார்.

அபதானி விவசாயத்தில் ஏர் கிடையாது. மாடு கட்டி உழுவதும் கிடையாது. மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைப் பண்படுத்துவார்கள். காலால் சேற்றை மிதிப்பார்கள்.

அவர்களிடம் 'மிதுன்' என்ற மாட்டினம் உண்டு. பார்ப்பதற்குக் காட்டெருமை போல இருக்கும். அது காட்டில் தானாக மேயும். யாருடைய மிதுன் என்று தெரிந்துகொள்ள அதன் காதில் அடையாளமாக வெட்டி வைப்பார்கள். மிதுனில் பால் கறப்பதில்லை. அதை ஏரிலும் பூட்டுவதில்லை. ஆனால் எத்தனை மிதுன் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்தின் செல்வத்தைச் சொன்னார்கள்.

வயலில் பெரும்பகுதி வேலையைச் செய்பவர்கள் பெண்கள். நாற்று விடுவது, நடுவது, களை எடுப்பது, வரப்பைப் பூசுவது எல்லாம் அவர்கள் கையில்தான். முதுகில் மூங்கில் கூடை. கூடையின் பட்டை நெற்றியில் இருக்கும். இப்படித்தான் அவர்கள் பாரம் சுமப்பார்கள்.

குளிர் அதிகம் என்பதால் ஆண்டுக்கு ஒரு போகம்தான் நெல். சில நெல் வகைகள் சீக்கிரம் விளையும். சில வகைகள் மெதுவாக விளையும். 'எமோ', 'மிப்யா' என்று அவற்றுக்குப் பெயர்கள். இரண்டையும் பயிர் செய்வார்கள். ஒன்று போனாலும் ஒன்று நிற்கும் அல்லவா?

அறுவடை செய்த நெல்லைக் குதிரில் வைப்பார்கள். ஆனால் குதிர் வீட்டுக்குள் இருக்காது. ஊருக்கு வெளியே, தனியாக இருக்கும். ஏன் தெரியுமா? அவர்களுடைய பழைய வீடுகள் மூங்கிலால் ஆனவை. வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும். ஒரு வீட்டில் தீப்பிடித்தால் தெருவே எரியும். வீடு எரிந்தாலும் நெல் எரியக்கூடாது. வீட்டை மறுபடி கட்டலாம். ஆண்டுக்கு ஒரு முறை விளையும் நெல்லுக்கு எங்கே போவது? அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

தண்ணீருக்கு ஒரு முறை

அங்கே பெரிய அணை எதுவும் கட்டி வயலுக்குத் தண்ணீர் விடவில்லை. மலைக் காட்டிலிருந்து ஓடைகள் இறங்கி வருகின்றன. ஓடையைச் சிறிய தடுப்பு வைத்துத் திருப்புகிறார்கள். அது வாய்க்காலில் ஓடுகிறது. வாய்க்காலிலிருந்து மேல் வயலுக்குப் போகிறது. மேல் வயலிலிருந்து கீழ் வயலுக்குப் போகிறது.

ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குத் தண்ணீர் விட வரப்பில் ஒரு குழாய் பதித்திருப்பார்கள். அது மூங்கில் குழாய். அல்லது குடைந்த மரக் குழாய். வயலில் எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டுமோ, அந்த உயரத்தில் குழாய் இருக்கும். அதற்கு மேல் வரும் தண்ணீர் தானாக வழிந்து அடுத்த வயலுக்குப் போய்விடும். வேண்டாத நேரத்தில் குழாயை அடைத்துவிடலாம்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. மேல் வயல்காரர் தண்ணீரை முழுக்கப் பிடித்துக்கொண்டால் கீழ் வயல் காயும். வரப்பை உடைத்துவிட்டால் கீழ் வயல் மூழ்கும். ஆகவே ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுப்பவர்கள் ஒன்றாகச் சேர்ந்துகொள்கிறார்கள். வாய்க்காலைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வைக்கிறார்கள். தூர் வாரும் நாளில் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வர வேண்டும். இது அவர்களுடைய பழைய கட்டுப்பாடு.

உரம் எங்கிருந்து வருகிறது? மழைத் தண்ணீர் காட்டின் மக்கிய இலைகளையும் ஊரின் கழிவையும் அடித்துக்கொண்டு வருகிறது. வைக்கோலும் உமியும் சாம்பலும் வயலுக்கே திரும்பிப் போகின்றன. பன்றி, கோழி எருவும் போகிறது. வயலில் விளைந்ததை வீடு சாப்பிடுகிறது. வீட்டில் மிஞ்சியதை வயல் சாப்பிடுகிறது.

காடு இருந்தால்தான் ஓடை. ஓடை இருந்தால்தான் வயல். அதனால் காட்டுக்கும் கட்டுப்பாடு உண்டு. மூங்கிலையும் பைன் மரத்தையும் அவர்களே நட்டு வளர்க்கிறார்கள். எந்தத் தோப்பு யாருடையது, எந்தக் காடு ஊருக்குப் பொது என்று எல்லோருக்கும் தெரியும்.

வயலுக்குள் மீன் வந்த கதை

நெல் பழையது. வாய்க்கால் பழையது. ஆனால் வயலில் மீன் வளர்ப்பது புதியது. 1960-களில்தான் அது தொடங்கியது. அரசின் மீன்துறை மீன் குஞ்சுகளைக் கொடுத்து வழி காட்டியது. மக்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அதை இப்படிச் செய்கிறார்கள். வயலின் நடுவில் ஆழமான ஒரு கால்வாயை வெட்டுகிறார்கள். நாற்று நட்டு வேர் பிடித்த பிறகு கெண்டை மீன் குஞ்சுகளை விடுகிறார்கள். வயலில் தண்ணீர் நிறைய இருந்தால் குஞ்சுகள் நெற்பயிருக்கு நடுவில் சுற்றும். தண்ணீர் குறைந்தால் நடுக்கால்வாய்க்குள் இறங்கிக்கொள்ளும். தண்ணீர்க் குழாயின் வாயில் மூங்கில் தட்டி வைத்திருப்பார்கள். மீன் வெளியே போகாது.

மீனுக்குத் தனியாகத் தீனி போட வேண்டியதில்லை. அது வயலில் இருக்கும் பூச்சியையும் புழுவையும் பாசியையும் தின்னும். மீனின் கழிவு நெல்லுக்கு உரமாகும். மீன் சேற்றைக் கிளறுவதால் களையும் குறையும். மீன் இருக்கும் வயலில் யாராவது பூச்சிமருந்து அடிப்பார்களா? அடித்தால் மீன் செத்துவிடும். ஆகவே மருந்துச் செலவும் இல்லை. சில மாதங்களில் மீன் பிடிக்கும் அளவுக்கு வளர்ந்துவிடும்.

மீதி இருப்பது வரப்பு. அதையும் சும்மா விடுவதில்லை. வரப்பின் மேல் கேழ்வரகு நடுகிறார்கள். அதன் வேர் வரப்பைப் பிடித்துக்கொள்ளும். வரப்பு கரையாது. கேழ்வரகும் கிடைக்கும்.

பழையதோடு புதியதைச் சேர்த்த விதம் இதுதான். வரப்பை அழித்துவிட்டு மீன்குளம் வெட்டவில்லை. இருந்த வயலுக்குள்ளேயே மீனுக்கு இடம் கொடுத்தார்கள்.

அடுப்பும் உணவும்

அபதானியின் பழைய வீடு தூண்களின் மேல் நிற்கும். ஏணிப்படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். சுவரும் தரையும் மூங்கில். வீட்டின் நடுவில் அடுப்பு. குளிர் நாளில் குடும்பமே அடுப்பைச் சுற்றி உட்காரும். அடுப்புக்கு மேலே மூங்கில் பரண் தொங்கும். பரணில் இறைச்சியும் மீனும் காயும். அடுப்புப் புகை பட்டுப் பட்டு அவை கெடாமல் இருக்கும். நம் ஊரில் கருவாட்டுக்கு வெயில், அங்கே புகை.

சாப்பாடு என்றால் சோறுதான். தொட்டுக்கொள்ளக் கீரை, மீன், கோழி, பன்றி இறைச்சி. மூங்கில் குருத்து இல்லாமல் சமையல் இல்லை. இளம் குருத்தை நறுக்கி, புளிக்க வைத்து, சேமித்து வைப்பார்கள். நம் சமையலுக்குப் புளி எப்படியோ, அவர்கள் சமையலுக்கு அது அப்படி.

உப்புக்கு ஒரு கதை இருக்கிறது. ஜிரோவிலிருந்து கடல் மிகத் தூரம். முன்பு உப்பு வாங்க வேண்டுமானால் வடக்கே திபெத்திலிருந்து வர வேண்டும். அல்லது தெற்கே அசாமிலிருந்து வர வேண்டும். நடுவில் மலையும் காடும். உப்பு வராவிட்டால் என்ன செய்வது? அவர்கள் செடிகளிலிருந்தே உப்பு எடுத்தார்கள்.

சில வகைச் செடிகளைப் பறித்துக் காய வைப்பார்கள். பிறகு எரிப்பார்கள். அந்தச் சாம்பலைக் கூம்பு போன்ற மூங்கில் கூடையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். சொட்டுச் சொட்டாக நீர் வடியும். அதைக் காய்ச்சினால் கறுப்பாகக் கெட்டிப்படும். அதை இலையில் சுற்றி, அடுப்பு அனலில் வைத்து, கல் போல ஆக்குவார்கள். அதன் பெயர் 'தப்யோ'. இன்று கடையில் அயோடின் உப்பு கிடைக்கிறது. எல்லோரும் வாங்குகிறார்கள். ஆனாலும் தப்யோவின் ருசியை அவர்கள் விடவில்லை.

அபதானிகளின் பேர்போன குழம்புக்கு 'பிகே பிலா' என்று பெயர். சாம்பலில் வடித்த நீர், மூங்கில் குருத்து, பன்றித்தோல் ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சுவார்கள். புதிதாகச் சாப்பிடுபவருக்கு அதன் வாசனை கொஞ்சம் தயக்கம் தரும். அங்கே வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு அதைப் பெருமையோடு வைப்பார்கள். அரிசி, கேழ்வரகு ஆகியவற்றைப் புளிக்க வைத்து மதுவும் செய்வார்கள். அது பூசைக்கும் விழாவுக்கும் வேண்டியது. வேண்டாதவர் மரியாதையாகச் சொல்லிவிடலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு விழாக்கள்

பயிருக்காக எடுக்கும் விழா 'திரீ'. ஜூலை மாதத்தில் வரும். அது நாற்று நட்டு முடித்த காலம். பயிர் வளரும் காலம். பூச்சி வரக்கூடாது, நோய் வரக்கூடாது, விளைச்சல் நன்றாக இருக்க வேண்டும் என்று தெய்வங்களை வேண்டுவார்கள். முன்பு ஒவ்வொரு கிராமமும் தனித்தனியாகக் கொண்டாடியது. 1967 முதல் எல்லாக் கிராமங்களும் ஒரே மைதானத்தில் கூடிக் கொண்டாடுகின்றன. ஜூலை 5 அதற்கு உரிய நாள். அன்று வந்தவர்களுக்கெல்லாம் வெள்ளரிக்காய் கொடுப்பார்கள். பெண்கள் வரிசையாக நின்று ஆடிப் பாடுவார்கள்.

நட்புக்காக எடுக்கும் விழா 'மியோகோ'. மார்ச் மாதத்தில் வரும். கிராமங்கள் மூன்று பிரிவாக இருக்கின்றன. ஒரு பிரிவு ஓர் ஆண்டு விழா எடுக்கும். மற்ற இரண்டு பிரிவுகளும் விருந்துக்கு வரும். அடுத்த ஆண்டு அடுத்த பிரிவின் முறை. இப்படி ஒரு கிராமத்துக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை விழா வரும்.

ஏன் எல்லோரும் ஒரே ஆண்டில் கொண்டாடுவதில்லை? எல்லோரும் விருந்து வைத்தால் சாப்பிட வருவது யார்? அது மட்டுமா? ஒரு குடும்பத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் பெரிய செலவு வராது. மியோகோ நாட்களில் வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். முன்பின் தெரியாதவர் வந்தாலும் உட்கார வைத்துச் சோறு போடுவார்கள். அப்பாவின் நண்பர் வீட்டோடு மகனுக்கும் நட்பு தொடரும். நட்பும் அங்கே சொத்து போலப் பிள்ளைகளுக்கு வந்து சேரும்.

ஊரின் நடுவில் பெரிய மர மேடைகள் இருக்கும். அதற்கு 'லபாங்' என்று பெயர். நம் ஊர்ச் சாவடி மாதிரி. விழாவில் பூசாரி அதில் உட்கார்ந்து ஓதுவார். மற்ற நாளில் பெரியவர்கள் உட்கார்ந்து வழக்குப் பேசுவார்கள்.

விட்ட பழக்கம்

ஜிரோவின் சாலையில் வயதான பாட்டிமார் சிலரைப் பார்க்கலாம். அவர்கள் நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை பச்சை குத்திய கோடு இருக்கும். கீழ் உதட்டுக்குக் கீழே ஐந்து கோடுகள் இருக்கும். மூக்கின் இரண்டு பக்கமும் துளைத்து, வட்டமான கறுப்பு அடைப்புகள் வைத்திருப்பார்கள்.

ஏன் இந்தப் பழக்கம் வந்தது? அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்து இனத்தார் வந்து பெண்களைத் தூக்கிக்கொண்டு போவார்களாம். அழகைக் குறைத்தால் தூக்க மாட்டார்கள் என்று இப்படிச் செய்தார்களாம். இப்படி ஒரு கதை சொல்வார்கள். 'அதுதான் எங்கள் அழகு, அதுதான் எங்கள் அடையாளம்' என்று சொல்லும் பாட்டிமாரும் உண்டு.

1970-களின் தொடக்கத்தில் இந்தப் பழக்கம் நின்றது. பள்ளிக்கூடம் போன இளைஞர்கள், வெளியூரில் படித்தவர்கள், 'இனி வேண்டாம்' என்றார்கள். குழந்தைகளுக்கு வலி. வெளியே போனால் மற்றவர்கள் வெறித்துப் பார்க்கிறார்கள். ஊர் பேசியது, முடிவு செய்தது, நிறுத்தியது. அதன்பின் பிறந்த பெண்களின் முகத்தில் கோடு இல்லை. ஆனால் அவர்கள் அபதானிகள் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆகவே பழையது எல்லாவற்றையும் அபதானிகள் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. வாய்க்கால் கட்டுப்பாடு எல்லோருக்கும் சோறு போட்டது. அதை வைத்துக்கொண்டார்கள். முகத்தில் குத்துவது பிள்ளைகளுக்குத் துன்பம் தந்தது. அதை விட்டார்கள். மீன் நல்ல வரவு. அதைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆனால் இன்னும் பேசி முடிக்காத காரியங்களும் உண்டு. வயலில் அதிகம் உழைப்பவர்கள் பெண்கள். வழக்கப்படி வயல் போய்ச் சேருவது ஆண் பிள்ளைகளுக்கு. பழைய ஊர் மன்றத்தில் உட்கார்ந்தவர்களும் ஆண்கள்தான். படித்த பெண்கள் இன்று இதைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். உழைப்பது ஒருவர், உரிமை இன்னொருவருக்கா? இந்தக் கேள்வி ஜிரோவுக்கு மட்டும் உரியதா?

இனி என்ன ஆகும்?

2014-ஆம் ஆண்டு அபதானிப் பள்ளத்தாக்கு ஐக்கிய நாடுகள் சபையின் ஒரு பட்டியலில் இடம் பெற்றது. உலகப் பாரம்பரிய இடமாக ஆக்கலாம் என்று யோசிக்கும் இடங்களின் பட்டியல் அது. 2012 முதல் அங்கே ஓர் இசை விழா நடக்கிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். வீட்டில் விருந்தாளிகளைத் தங்க வைத்து, சமைத்துப் போட்டு, பெண்கள் சம்பாதிக்கிறார்கள். கிவி என்ற பழத்தைப் பயிர் செய்கிறார்கள். ரசாயன உரம் போடாமல் விளைந்தது என்று அந்தப் பழத்துக்கு 2020-இல் சான்று கிடைத்தது. இவை நல்ல செய்திகள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஹபோலி வளர்கிறது. கடை வேண்டும், வீடு வேண்டும், சாலை வேண்டும். பள்ளத்தாக்கில் சமமான இடம் எது? வயல்தான். வயலில் மண் கொட்டிக் கட்டடம் எழுப்பினால் என்ன ஆகும்? அந்த ஒரு வயல் மட்டும் போவதில்லை. அதன் வழியாகத் தண்ணீர் போன கீழ் வயலும் காயும். மேல் வயலில் தண்ணீர் தேங்கும். ஒரு மணியை அறுத்தால் மாலையே சிதறுவது போல.

பிள்ளைகள் படித்து அரசு வேலைக்குப் போகிறார்கள். போகத்தான் வேண்டும். ஆனால் தூர் வாரும் நாளில் வீட்டுக்கு ஓர் ஆள் வேண்டுமே! பலர் கூலி ஆள் வைத்துப் பயிர் செய்கிறார்கள். கூலி ஆளுக்கு நாற்று நடத் தெரியும். எந்தக் குழாயை எந்த நாளில் அடைக்க வேண்டும் என்பது அந்த வயலோடு வளர்ந்தவருக்குத்தான் தெரியும். ஓடைகளில் பிளாஸ்டிக் பை சேருகிறது. பை குழாயை அடைத்தால் கீழ் வயலுக்குத் தண்ணீர் இல்லை.

பட்டத்தையும் பட்டியலையும் வைத்து வரப்பைப் பூச முடியாது. முகத்தில் குத்துவதை நிறுத்த அபதானிகள் கூடிப் பேசினார்கள். வயலைக் காப்பாற்றவும் அவர்கள் கூடிப் பேசித்தான் ஆக வேண்டும். எந்த இடத்தில் வீடு கட்டலாம், எந்த இடத்தில் கூடாது என்று ஊரே முடிவு செய்ய வேண்டும். அதற்கு நாள் கடந்துவிடவில்லை.

விருந்தாளிக்கு நான்கு சொல்

ஜிரோவுக்கு மட்டும் இல்லை. எந்த மலை ஊருக்குப் போனாலும் இவை பொருந்தும்.

ஒன்று. பாட்டியின் முகத்தைப் படம் எடுக்குமுன் கேளுங்கள். 'வேண்டாம்' என்றால் விட்டுவிடுங்கள். அவர் யாரோ ஒருவரின் தாய். வேடிக்கைப் பொருள் இல்லை.

இரண்டு. தட்டில் வைத்த உணவைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். உங்கள் ஊரின் கருவாட்டு வாசனை இன்னொருவருக்குப் புதிது அல்லவா?

மூன்று. வரப்பில் நடக்கும்போது பார்த்து நடங்கள். அதில் கேழ்வரகு இருக்கிறது. அது ஒரு குடும்பத்தின் உணவு.

நான்கு. கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

நண்பர்களே! ஜிரோவில் மண் குறைவு, குளிர் அதிகம், ஆண்டுக்கு ஒரு போகம். அப்படியும் அந்தப் பள்ளத்தாக்கு வயிறாரச் சாப்பிட்டது. மிஞ்சிய நெல்லைப் பக்கத்து மலைக்காரர்களுக்கும் கொடுத்து, வேண்டியதை வாங்கியது. மேல் வயல்காரர் கீழ் வயல்காரரை நினைத்துத் தண்ணீர் விட்டதால்தான் அது நடந்தது.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊரில் ஏரி, வாய்க்கால், கிணறு இவற்றில் எது இருக்கிறது? அதை யார் தூர் வாருகிறார்கள்?

2. உங்கள் பாட்டி காலத்தில் இருந்து, இன்று விட்டுப்போன பழக்கம் ஒன்றைச் சொல்லுங்கள். அது போனது நல்லதா?

3. உங்கள் ஊரில் விளைநிலம் வீட்டு மனை ஆகிறதா? அதனால் பக்கத்து வயலுக்கு என்ன ஆனது?

4. உங்கள் வீட்டில் வயல் வேலை யார் செய்கிறார்கள்? பட்டா யார் பெயரில் இருக்கிறது?

5. உங்கள் ஊருக்கே உரிய ஓர் உணவின் செய்முறையை எழுதுங்கள். அடுத்த கூட்டத்தில் உரக்கப் படியுங்கள்.